ஐந்தாவது ஏன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை அன்று நடந்தது இது. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் உள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் சர்வர் அறை. அன்று அங்கே இருந்தவர்கள்: நான், எங்கள் ஐ.டி. பிரிவின் பொறுப்பாளர் (அவரை சார் என்றே சொல்கிறேன்), துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அப்புறம் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்ற ஒரு புத்தம் புதிய சர்வர். இல்லாதவன் ஒரே ஒருவன். அவன் இல்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

அவன் தென்காசிப் பக்கத்துப் பையன். என்னைவிட ஒரு வயது சின்னவன். எனக்கு எட்டு மாதம் கழித்து அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் சேர்ந்த அன்றே அவன் கழுத்தில் நீலக் கயிறு. எங்கள் தொழிற்சாலையில் அடையாள அட்டை தொங்கும் கயிறு நீலமாக இருந்தால் கம்பெனி ஆள், பச்சையாக இருந்தால் கான்ட்ராக்ட். நான் பச்சை. அவன் கல்லூரிக்கே போய் ஆள் எடுத்தார்கள். என் கல்லூரிக்கு யாரும் வரவில்லை. நான்தான் கம்பெனி கம்பெனியாகப் போனேன்.

நான் வடக்குப்பட்டுக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா பக்கத்துத் தொழிற்சாலையில் தோட்ட வேலை. இன்றைக்கும் சம்பளத்துக்குக் கைநாட்டுதான். நான் கம்ப்யூட்டர் படித்து, ஏ.சி. அறையில் வேலை என்று சொன்னபோது அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது, "இன்னாடா, அந்த நீலக் கவுறு எப்பொதான் குடுப்பானுங்க?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பையன் நீலம் போட்டிருப்பதை பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டு வந்திருப்பார். அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தென்காசிக்காரன் கழுத்துதான் ஞாபகம் வரும்.

அவனைப் பிடிக்காமல் போக ஒரு நல்ல காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. திமிர் பிடித்தவனாக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவனோ வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பான். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவான். சார் என்னைக் கூப்பிடும்போது, "தம்பி, நீ" என்பார். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இது ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது விஷயமாக இருந்தது. சர்வர் அறையைத் திறக்கும் அட்டை அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. உள்ளே போக வேண்டுமென்றால், என்னைவிடச் சின்னவனிடம் போய் நின்று, "கொஞ்சம் திறந்துவிடுப்பா" என்று கேட்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே திறந்துவிடுவான். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

அவனிடம் ஒரு நோட்டு உண்டு. நீள நோட்டு, அட்டை போட்டது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி. ஐ.பி. அட்ரஸ் என்போம். ஒரு எண் ஒரு இயந்திரத்துக்குத்தான். எந்த எண் எந்த இயந்திரத்துக்கு என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அவன் வந்து ஒரு மாதம், லைன் லைனாக நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினான். அது போதாதென்று ஒவ்வொரு இயந்திரத்திலும் அதன் எண்ணை எழுதி ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினான். "இன்னாப்பா, மிஷினுக்கெல்லாம் ரேஷன் கார்டு குடுக்கறியா?" என்று நான் எல்லோர் முன்னாலும் கேலி பண்ணினேன். அவனும் சிரித்தான். அடுத்த வாரமே சார் மீட்டிங்கில் அந்த ஸ்டிக்கர்களைப் பாராட்டிப் பேசினார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானமே அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதத்தில் முதல் தடவையாகப் போகிறான். போகும்போது, "ஏதாவதுன்னா போன் போடுங்கண்ணே" என்றான். இவன் இல்லாவிட்டால் கம்பெனி ஓடாதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பூஜைக்காக இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துப்புரவு அக்கா, லைன் கடைசியில் இருக்கும் கசிவுச் சோதனை இயந்திரத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா தம்பி, இந்த மஞ்ச ஸ்டிக்கர் அழுக்கு புடிச்சிப் போயி கீது. சொரண்டிடட்டா?"

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். ஒரு மாதம் அவன் நடந்த நடை, சார் பாராட்டியது எல்லாம் ஒரு விநாடியில் வந்து போயிற்று.

"சொரண்டிடுங்கக்கா. எல்லா மிஷின்லயும் எடுத்துடுங்க. பூஜைக்குச் சுத்தமா இருக்கணும்ல" என்றேன்.

அக்கா ஒவ்வொன்றாகச் சுரண்டினார். நான் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் பூஜை. வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, பத்தரை மணிக்கெல்லாம் தொழிற்சாலை காலி. எல்லா இயந்திரமும் அணைக்கப்பட்டு, ஆளுக்கொரு மாலையோடு நின்றன. அப்போதுதான் சார் என்னைச் சர்வர் அறைக்குக் கூப்பிட்டார்.

புது சர்வர் வந்திருந்தது. எந்தெந்த உதிரிபாகம் சோதனையில் தேறியது என்று கணக்கு வைக்கும் ஒரு மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தபடியே நம் சர்வருக்குள் வந்து வேலை செய்வார்கள். புது வேலையை விஜயதசமியில்தான் தொடங்க வேண்டும், காலை ஆறரைக்கு நல்ல நேரம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவர்கள் வருவதற்கு முன்னால் நாம் செய்து வைக்க வேண்டிய வேலைகள் ஒரு பக்கத்தில் அச்சடித்து வந்திருந்தன. சர்வருக்கு யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரி கொடுக்க வேண்டும். அணைத்துப் போட்டாலும் அது மாறாமல் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து அவர்கள் மட்டும் உள்ளே வர வழி திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அடித்தளம் போடுகிற வேலை. வீடு கட்டுவது அவர்கள்.

"அவன் இருந்தா அவன்தான் செஞ்சிருப்பான்" என்றார் சார். "பரவால்ல, நீ செய். இத மட்டும் கரெக்டா முடி. அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர நானே போடறேன்."

எனக்குக் காது சூடாயிற்று. நீலக் கயிறு! அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. சார் தன் சர்வர் அறை அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு ஆலையின் பூஜைக்குக் கிளம்பிக்கொண்டே வாசலில் திரும்பினார்.

"ஆங், ஃப்ரீ அட்ரஸ் எதுன்னு அவனுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கோ. அவன் நோட்ல எல்லாம் இருக்கும்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் போயிருந்தால் ஒருவேளை நானே அவனுக்குப் போன் போட்டிருப்பேன். இன்று யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஊரிலேயே இல்லாத நாளிலும் அவனிடம்தான் போய் நிற்க வேண்டுமா? முதலில் அவன் மேசை டிராயரைத் திறந்து பார்த்தேன். எப்போதும் அங்கே இருக்கும் நோட்டு இல்லை. அப்போது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு, "இருக்கிறாயா?" என்று கேட்கலாம். இயந்திரம் இருந்தால் பதில் வரும். வராவிட்டால் காலி. கல்லூரியில் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். மேசை மேல் பொட்டு வைத்துப் படுக்க வைத்திருந்த லேப்டாப்பை எடுத்தேன். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, "பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது தம்பி. நாளிக்குத்தான் எடுக்கணும்" என்றார். "அவசரம்கா" என்றேன்.

நூற்று ஒன்றைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நூற்று இரண்டு, இல்லை. மூன்று, நான்கு, ஐந்து... எதிலும் பதில் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தொழிற்சாலை முழுக்க இயந்திரங்கள் இருக்கின்றன, ஒரு முகவரியில்கூட ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பண்டிகைக்கு ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கும் நாளில் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெருவே காலி, எந்த வீட்டிலும் குடியேறலாம் என்று நினைத்த ஆள் நான். எனக்கோ ஒரே சந்தோஷம். இத்தனை காலி முகவரியா! அதில் ராசியானதாக ஒன்றைப் பொறுக்கினேன். நூற்றெட்டு.

மற்றதையெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். முகவரியை நிலையாகப் பதித்தேன். வெளியூர்க்காரர்களுக்கு வழியைத் திறந்தேன், அவர்களைத் தவிர வேறு யாரும் வராதபடி அடைத்தேன். சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஜம்மென்று திறந்தது. பெங்களூருக்கு இங்கிலீஷில் மூன்று வரி மெயில் எழுத முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கீழே என் பெயரைப் போட்டேன். பிறகு குங்குமத்தோடு சர்வரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். 'முடிந்தது' என்று ஒரே ஒரு வார்த்தை. அதை யார் பார்க்க வேண்டும் என்று வைத்தேனோ அவன் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டான்.

"சூப்பர்ணே! எந்த அட்ரஸ் போட்டீங்க?" என்று செய்தி வந்தது.

திறந்து படித்தேன். படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும்படி நீல டிக் விழுந்தது. பதில் போடவில்லை. தப்பு கண்டுபிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் செய்திகளுக்குச் சத்தம் வராதபடி செய்து, அந்தப் பெயரையே கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளினேன். சாயங்காலம் மூன்று தடவை போன் அடித்தான். மூன்று தடவையும் பெயரைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று வீட்டில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம், "அடுத்த மாசம் கவுறு மாறும்பா" என்றேன். அவர் எழுந்து போய் சாமி படத்துக்கு இன்னொரு தடவை கற்பூரம் ஏற்றினார்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். எலுமிச்சம்பழம் நசுக்கி, லைனை ஓட்டினார்கள். ஒவ்வொரு இயந்திரமாகக் கண் திறந்தது. ஆறு இருபதுக்கு லைன் சூப்பர்வைசர் போன் பண்ணினார். பக்கத்துக் கிராமத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாப்பா ஐடி, டெஸ்டிங் மிஷினு செவப்பு காட்டிகினு கீது. நல்ல நாளும் அதுவுமா உங்காளுங்க இன்னாத்த பண்ணி வெச்சிக்கீறாங்க?"

ஓடினேன். கசிவுச் சோதனை இயந்திரம் இரண்டு நிமிடம் பச்சை காட்டும், மறுபடி சிவப்புக்குப் போகும். அது பதிவு செய்யாவிட்டால் லேபிள் அச்சாகாது. லேபிள் இல்லாத பெட்டியை லாரியில் ஏற்ற முடியாது. லாரி எட்டு மணிக்குக் கார் ஆலைக்குக் கிளம்ப வேண்டும். அங்கே நம் பெட்டி போய்ச் சேர்கிற நேரத்தை வைத்துத்தான் அவர்கள் லைனே ஓடுகிறது. அது நின்றால் நம் தொழிற்சாலையின் பேர் கெடும்.

இந்தப் பக்கம் பெங்களூரிலிருந்து போன். உள்ளே வருகிறோம், இரண்டு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடுகிறது என்றார்கள். இரண்டும் ஒரே நோய் என்று எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஒரே கதவிலக்கம் இரண்டு வீட்டில் இருந்தால் தபால்காரர் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று போட்டுக்கொண்டிருப்பார் இல்லையா, அதுதான் நடந்துகொண்டிருந்தது. நானோ கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு சார் வந்தார். மேலாளரும் பின்னாலேயே வந்தார். "மிஷின் அட்ரஸ் என்ன? ஸ்டிக்கர்ல பாரு" என்றார் சார். ஸ்டிக்கர் இருந்த இடம் பளபளவென்று இருந்தது. பக்கத்து இயந்திரம், அதற்கடுத்தது, எல்லாம் பளபள.

"யாரு எடுத்தது?" சார் கத்திக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

அக்கா மாப்புக் கட்டையோடு ஓரமாக நின்றிருந்தார். "நான்தான் சார் தொடச்சேன்" என்றார். யார் சொல்லித் துடைத்தேன் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க? கான்ட்ராக்டரக் கூப்புடு. இன்னியோட இவங்கள நிறுத்தச் சொல்லு" என்றார் மேலாளர்.

அக்கா மறுபடி என்னைப் பார்த்தார். என் நாக்கு அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற நிமிடம் அது.

அப்போது லைன் கடைசியில், முதுகில் பையும் கலைந்த தலையுமாக ஒருவன் வேகமாக வந்துகொண்டிருந்தான். தென்காசிக்காரன்.

யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக என்னிடம் வந்தான். மெல்லிய குரலில், "சர்வருக்கு என்ன நம்பர்ணே குடுத்தீங்க?" என்றான்.

"நூத்தியெட்டு."

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். "இந்த மிஷினும் நூத்தியெட்டுதாண்ணே. இது புதுசா வந்தப்ப, முக்கியமான மிஷினாச்சே, ராசியான நம்பரா இருக்கட்டும்னு நாந்தான் குடுத்தேன்." பிறகு சார் பக்கம் திரும்பி, "அஞ்சு நிமிசம் சார்" என்றான்.

ராசி என்று நானும் நினைத்தேன், அவனும் நினைத்திருக்கிறான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சர்வர் அறையில் பையைத் திறந்து நோட்டை எடுத்தான். காலி முகவரி ஒன்றைக் காட்டினான். நான் பதற்றத்தில் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்தே மாற்றப் போனேன். என் கையைப் பிடித்தான். "இங்கேருந்து மாத்துனா பாதியில நம்மள வெளிய வெச்சுச் சாத்திரும்ணே. சர்வர் முன்னாலயே நின்னு மாத்துங்க." அவன் மாற்றவில்லை. என்னை மாற்ற வைத்தான். பெங்களூருக்குத் திறந்த வழியும் புது முகவரிக்குச் சரியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்தோம். லைனுக்குத் திரும்பி வந்தபோது இயந்திரம் பச்சையாக இருந்தது. லாரி எட்டு நாற்பதுக்குக் கிளம்பியது. டிரைவர் எப்படி ஓட்டினாரோ, கார் ஆலையில் லைன் நிற்கவில்லை.

சாரிடம் அவனே முந்திக்கொண்டு பேச ஆரம்பித்தான். "ஸ்டிக்கர் லேசா ஒட்டிட்டேன் சார், தொடச்சா வந்துரும். அந்த அக்கா மேல தப்பில்ல..."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இல்ல சார். ஸ்டிக்கரச் சொரண்டச் சொன்னது நான். அக்கா கேட்டாங்க, நான்தான் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். நம்பரையும் இவனக் கேக்காம நானே போட்டேன்" என்றேன். சார் என்னையே பார்த்தார். "ஏம்ப்பா?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அக்காவுக்கு வேலை போகவில்லை. போகும்போது என்னைத் தாண்டிப் போனார். இரண்டு மாதம் பேசவே இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் தப்பு நடந்தால் திட்டுவதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. 'ஏன் ஏன்' படிவம். ஒன்றின்கீழ் ஒன்றாக ஐந்து கட்டம். நடந்ததற்குக் காரணம் ஏன் என்று எழுத வேண்டும், அந்தக் காரணத்துக்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை. கடைசியில், இதனால் ஆன செலவு என்று ஒரு கட்டம். தப்பு செய்தவனே நிரப்ப வேண்டும்.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். இயந்திரம் ஏன் நின்றது? இரண்டுக்கும் ஒரே முகவரி. ஏன்? காலி என்று நினைத்தேன். ஏன்? எல்லாம் அணைந்திருந்த நாளில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏன்? நோட்டு வைத்திருந்தவனைக் கேட்கவில்லை. ஐந்தாவது ஏன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் இரண்டு டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். படிவத்தைத் தலைகீழாகவே படித்தான்.

"நோட்ட எப்பவும் டிராயர்லதாண்ணே வெப்பேன்" என்றான். "இந்தத் தடவ வேணும்னேதான் எடுத்துட்டுப் போனேன்."

நான் நிமிர்ந்தேன்.

"நீங்க இந்த ஊர்க்காரரு. கேட் செக்யூரிட்டியில இருந்து லைன் சூப்பர்வைசர் வரைக்கும் உங்ககிட்ட சொந்தக்காரங்க மாதிரி பேசுதாங்க. மத்தியானம் நீங்க டப்பாவத் தொறந்தா வீட்டுக் கொழம்பு மணக்கும். நான் கூட்ரோட்டுல எட்டுப் பேரோட ஒரு ரூம்ல கெடக்கேன். எங்கிட்ட இருந்தது அந்த நோட்டு மட்டுந்தாண்ணே. அதுவும் இல்லாமலே வேல நடந்துட்டா என்னைய யாரு தேடப்போறா? ஊருக்குப் போயி எறங்குன பொறவு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க போனும் எடுக்கல. சார்ட்ட சொன்னா உங்களப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். காலையில எறங்குனேன், மத்தியானம் சாப்ட்டேன், சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்."

அவன் வந்த நாளிலிருந்து நான் அவன் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். என்னைப் பார்த்தும் ஒருவன் பொறாமைப்படுவான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. டீ சுடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்தாவது கட்டத்தில் 'பொறாமை' என்று எழுதி சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "இத ஆடிட்ல காட்ட முடியாதுப்பா" என்று அதை அடித்துவிட்டு, பயிற்சி தேவை என்று இங்கிலீஷில் எழுதினார். செலவுக் கட்டத்தில் சைபர் போட்டார். அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "சரி வுடு, கவுறுதானே" என்றார். அதற்கப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று இருந்தது. நீலக் கயிறு வர மேலும் ஒரு வருடம் ஆயிற்று.

அவன் இப்போது வேறு கம்பெனியில், என்னைவிடப் பெரிய வேலையில் இருக்கிறான். பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் ஸ்டேட்டஸில் புது பைக் படம் பார்த்தால் இன்றும் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கும். ஆனால் அவனிடமிருந்து செய்தி வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும், உடனே பதில் போட்டுவிடுவேன்.

காரணம் இருக்கிறது. அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான், ஒதுக்கித் தள்ளிய அவன் செய்திகளைத் திறந்தேன். நோட்டுப் பக்கத்தின் படம் இருந்தது. அதன் கீழே, "ராசின்னு நூத்தியெட்ட மட்டும் போட்டுராதீங்கண்ணே, அது டெஸ்டிங் மிஷினு" என்று இருந்தது. அதற்கும் கீழே பஸ் டிக்கெட்டின் படம், "ஏறிட்டேன்ணே, காலைல பாத்துக்கலாம்" என்று ஒரு வரி. எத்தனையோ தடவை நீட்டியும் அந்த டிக்கெட் பணத்தை அவன் என்னிடம் வாங்கவில்லை. சார் சைபர் போட்ட அந்தக் கட்டத்தை இன்று நான் நிரப்புவதாக இருந்தால், பதினோரு மாதம் கழித்துப் போன பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டோடு திரும்பி வந்ததற்கு, நான் போடாத ஒரே ஒரு பதிலுக்கு, அந்த டிக்கெட்டில் இருந்த தொகையைத்தான் எழுதுவேன்: ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.